கருமருந்தும் ஈரமும்: மசில்லோடர்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழலின் வாய் வழியே கருமருந்து என்ற பழைய வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இறக்கிக் கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கியை அமெரிக்காவில் மசில்லோடர் என்கிறார்கள். அங்கே அது அருங்காட்சியகத்தில் தூங்கும் பொருள் அல்ல. பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு இதற்கென்றே தனிப் பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பருவத்தில் சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. 1974 முதல் இப்படித்தான். பனியும் தூறலும் சொட்டும் மரங்களுமாக இருக்கும் காலம் அது. விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மான் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும். உடனே எல்லோரும் சொல்வது: "மருந்து நமுத்துவிட்டது."

பெரும்பாலும் அது வீண்பழி. கேள்விகளுக்குப் போவோம்.

கருமருந்து காற்றிலிருந்து ஈரத்தை இழுக்குமா?

இழுக்கும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. கருமருந்தில் 100-க்கு சுமார் 75 பங்கு வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். மீதி கரியும் கந்தகமும். இதில் வெடியுப்பு தானாகக் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசிய வேண்டுமென்றால் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 93 சதவீதத்தைத் தொட வேண்டும். அதற்குக் கீழே அது சும்மாதான் இருக்கும். கந்தகம் தண்ணீரோடு சேரவே சேராது. கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துவைப்பது கரிதான். அதன் நுண்துளைகளில் எப்போதும் சிறிது நீர் இருக்கும். அமெரிக்க ராணுவத் தர விதியே கருமருந்தில் 0.7 சதவீதம் வரை ஈரத்தை அனுமதித்தது.

வெடியுப்புக்குப் பதில் மலிவான சோடியம் நைட்ரேட்டைப் போட்டால் கதை வேறு. அது 74 சதவீத ஈரப்பதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். 1857-இல் லாமோ டூபாண்ட் அந்த உப்பை வைத்து ஒரு மருந்துக்குக் காப்புரிமை வாங்கினார். சுரங்கத்தில் பாறை உடைக்க அது நன்றாகவே உதவியது. துப்பாக்கிப் பக்கம் யாரும் அதைக் கொண்டுவரவில்லை. காரணத்தில் ஒன்று இந்த ஈரப் பிரச்சினை.

மூடியிட்ட டப்பாவில் இருக்கும் கருமருந்து மழைக்காலம் முழுவதும் அப்படியே இருக்கும். கொம்புக் குப்பியில் அடைத்து இடுப்பில் தொங்கவிட்டதும் நாள் முழுக்கத் தாங்கும்.

அப்படியானால் மழைநாளில் ஏன் தகராறு செய்கிறது?

சுடுவதற்கு முன் இருக்கும் மருந்தைவிட, சுட்ட பிறகு மிஞ்சும் கசடுதான் தண்ணீர்ப் பேராசை பிடித்தது. முழுப் பிரச்சினையின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே நின்றுவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரெடரிக் ஏபலும் மூடிய இரும்புக் கலனுக்குள் மருந்தை எரித்து இதை அளந்தார்கள். ஒரு பகுதி வெள்ளைப் புகையாகப் போகிறது. மிச்சம் குழலுக்குள் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கசடில் முக்கியமான ஒன்று பொட்டாசியம் கார்பனேட். அது நீரை இழுக்க ஆரம்பிக்க 43 சதவீத ஈரப்பதமே போதும். 43 என்றால் நல்ல வெயில் நாள்கூட அந்தக் கணக்கில் வந்துவிடும்.

ஒரு முறை சுட்டுவிட்டுத் துடைக்காமல் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மருந்துத் தட்டில் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது மெல்லக் கறுக்கும். பிறகு பளபளக்கும். பிறகு விரலில் தொட்டால் மைபோல ஒட்டும், அழுகிய முட்டை நாற்றத்தோடு. அதன் மேல் புது மருந்தைக் கொட்டினால் அது காற்றிலிருந்து நனையவில்லை, கீழே இருக்கும் கசடிலிருந்து நனைகிறது. பழி மட்டும் டப்பாவில் இருக்கும் மருந்துக்கு.

சக்கிமுக்கித் துப்பாக்கியில் தட்டு மருந்து சேறாகிவிடுகிறது. நிறுத்த வழி?

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். குழலின் பக்கவாட்டில் ஒரு சிறு தட்டு. அதில் ஒரு சிட்டிகை நுண்மருந்து. மேலே மூடிபோல ஓர் எஃகுத் தகடு. குதிரை எனப்படும் சுத்தியலின் வாயில் கவ்விய கல் அந்தத் தகட்டை உரசிக்கொண்டே அதைத் திறந்துவிடும்; பொறி தட்டில் விழும்; அங்கே பற்றிய தீ பற்றுவாய் என்ற சின்னத் துளை வழியாக உள்ளே பாயும். இத்தனையும் திறந்தவெளியில் நடக்கிறது. மூடி எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் தட்டு, கல்லின் விளிம்பு, எஃகுத் தகட்டின் முகம் மூன்றையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பாதித் தொல்லை அதிலேயே போய்விடும். காட்டில் காத்திருக்கும்போது தட்டு மருந்தை அவ்வப்போது கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தூறல் என்றால் இன்னும் அடிக்கடி. ஒரு சிட்டிகை மருந்தில் கஞ்சத்தனம் பார்த்து ஒரு மானை விட்டவர்கள் நிறைய.

தட்டுக்கு 4எஃப் என்ற மிக நுண்ணிய மருந்துதான் வழக்கம். சீக்கிரம் பற்றும், அதே நுண்மையால் சீக்கிரம் நமுக்கவும் செய்யும். ஈரமான நாளில் குழலுக்குப் போடும் சற்றுப் பருத்த மணியுள்ள 3எஃப் மருந்தையே தட்டுக்கும் போடுகிறவர்கள் உண்டு. பற்றும் வேகத்தில் கண் தெரிந்துகொள்ளும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. என் ஓட்டும் அதற்குத்தான்.

பிறகு பழைய கைவேலைகள். தட்டின் விளிம்பைச் சுற்றித் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து மெல்லிய கோடாகப் பூசினால் மூடி அதில் அழுந்தி உட்காரும். கல்பொறி அமைப்பு முழுவதையும் மூடும் கொழுப்பிட்ட தோலுறை ஒன்று உண்டு. அமெரிக்கர்கள் அதைப் 'பசுவின் முழங்கால்' என்பார்கள். கன்றின் முழங்கால் பகுதித் தோல் அந்த வளைவுக்கு அப்படியே பொருந்துமாம். காத்திருக்கும்போது பற்றுவாய்க்குள் ஒரு வாத்து இறகின் காம்பைச் சொருகி வைப்பதும் உண்டு. சுடுமுன் அதை எடுக்க வேண்டும், அவ்வளவே.

போர்க்களத்திலும் இதே கதைதானா?

இதைவிட மோசம். 1757-இல் வங்காளத்தில் நடந்த பலாசிப் போரில் மதியம் ஒரு மழை கொட்டியது. கிளைவின் ஆட்கள் தார்ப்பாய் போட்டு மருந்தை மூடிக்கொண்டார்கள். நவாபின் பீரங்கி மருந்து நனைந்தது. சண்டை போன திசையில் சூழ்ச்சிக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த மழையை விட்டுவிட்டு அந்த நாளைச் சொல்ல முடியாது.

இன்னொரு சம்பவம் நம் பக்கத்து ஆட்களையே தொட்டுப் போகிறது. 1841 மே 30. முதல் அபினிப் போர். சீனாவின் கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி என்ற இடம். ஜெனரல் ஹியூ காஃபின் படையில் மதராஸ் 37-ஆம் காலாட்படையும் இருந்தது. தமிழ், தெலுங்குப் பகுதிகளில் ஆள் எடுத்த கம்பெனிப் படை அது. அவர்கள் கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. இடியும் மழையுமாக வானம் உடைந்து கொட்டியதில் ஒரு பிரிவு சிப்பாய்கள் வழி தவறிப் பிரிந்துவிட்டார்கள். ஈட்டியும் வேலுமாகக் கிராமத்தார் ஆயிரக்கணக்கில் சூழ்ந்துகொண்டார்கள். துப்பாக்கிகள் ஒன்றும் வெடிக்கவில்லை. சதுரமாக அணிவகுத்து, முனைக்கத்தியை நீட்டிக்கொண்டு மழையிலேயே நின்றார்கள். கடைசியில் மீட்க வந்தவர்கள் கடற்படை மெரீன்கள். அவர்களிடம் இருந்தது கேப், அதாவது அடித்தால் தீ தரும் சிறு செம்புத் தொப்பி வைத்துச் சுடும் புதுத் துப்பாக்கி. அதே மழையில் அவை வெடித்தன.

உண்மையில் இந்த வித்தியாசம் லண்டனில் ஏழு வருடம் முன்பே தெரிந்த விஷயம். 1834-இல் அங்கே வுல்விச்சில் இரு வகையிலும் தலா 6000 முறை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கி 922 முறை ஏமாற்றியது. கேப் வகை ஏமாற்றியது 36 முறை. தெரிந்தும், மதராஸ் சிப்பாய் கையில் 1841-இல் பழையதுதான் இருந்தது.

கேப் வைத்த துப்பாக்கி என்றால் ஈரப் பயம் இல்லையா?

குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. இந்த யோசனையின் தொடக்கம் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். தட்டில் தெறிக்கும் தீயைப் பார்த்தே பறவைகள் பறந்துவிடுகின்றன என்ற எரிச்சலில், அடித்தால் தானே வெடிக்கும் ரசாயனத்தை வைத்து ஓர் அமைப்பு செய்து 1807-இல் காப்புரிமை பெற்றார். பிறகு வந்த செம்புக் கேப் அந்த ரசாயனத்தைத் தொப்பிக்குள் அடைத்தது. நிப்பிள் என்ற சிறு குழாயின் மேல் அதை மாட்டினால் துளையும் மூடிக்கொள்ளும்.

தண்ணீர் நுழைவது கேப்புக்கும் நிப்பிளுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக. அதைச் சுற்றித் தேன்மெழுகு தடவலாம். நகப்பூச்சு தடவுகிறவர்களும் உண்டு. மீன்தொட்டிக்கு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் ஒரு சிறு வளையம் வெட்டி மாட்டுவதும் நன்றாக வேலை செய்கிறது. கேப்பைவிட வலுவாகத் தீ தரும் 209 பிரைமர் என்ற பற்றவைப்பானைப் போடும் இன்றைய துப்பாக்கிகளில் பின்பக்கம் முழுக்க மூடியிருப்பதால் அந்தப் பக்கக் கவலை கிட்டத்தட்ட இல்லை. குழல் வாய் மட்டும் பாக்கி.

குழல் வாயில் மழை இறங்காமல் இருக்க?

ஒரு துண்டு மின்சார டேப். அல்லது ஒரு பலூன். சுடும்போது எடுக்க வேண்டியதில்லை. குண்டுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைப் பிய்த்துவிடும். குறி மாறாது. டேப் இல்லாவிட்டால் துப்பாக்கியை வாய் கீழே இருக்கும்படி தொங்கவிடுங்கள், யார் காலையும் பார்க்காதபடி.

மழையே இல்லை, துப்பாக்கி நனையவும் இல்லை. மறுநாள் காலை வெடிக்கவில்லை. ஏன்?

ராத்திரி வீட்டுக்குள் கொண்டுவந்தீர்களா? அப்படியானால் அதுதான்.

வெளியே உறைபனிக்கும் கீழே கிடந்த இரும்பு. வீட்டுக்குள் 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று சுமார் 9 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் நீராகப் படியும். குளிர்பானப் புட்டியின் வெளியே வியர்ப்பதுபோலக் குழலும் வியர்க்கும், உள்ளும் புறமும். காலையில் திரும்ப வெளியே கொண்டுபோனால் அந்த ஈரம் மருந்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்படி மூன்று நாள் உள்ளே வெளியே என்று ஆடினால் எந்த மருந்தும் மக்கர் செய்யும்.

கேப்பையோ தட்டு மருந்தையோ எடுத்துவிட்டு, பூட்டிய குளிர்ந்த இடத்திலேயே துப்பாக்கியை வைத்துவிடுகிறார்கள் அனுபவசாலிகள். எந்த நிலையில் 'மருந்து இடாதது' என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். சாயங்காலமே பாதுகாப்பான இடத்தில் சுட்டுக் காலிசெய்து, கழுவி வைப்பதுதான் சரி. என்னைக் கேட்டால் யாருக்குமே அதுதான் நல்லது. நாற்பது ரூபாய் மருந்துக்கு ராத்திரி முழுக்கக் கவலைப்படுவானேன்?

எண்ணெய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. நாளின் முதல் சூடு வெடிக்காமல் போவதற்கு ஈரத்தைவிட எண்ணெய்தான் அதிகக் காரணம் என்பது என் கணிப்பு. துருப்பிடிக்காமல் இருக்கப் போன பருவத்தில் தாராளமாக எண்ணெய் விட்டு, வாய் மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்திருப்பார்கள். எண்ணெய் மெல்ல இறங்கி அடியில் தேங்கும்; பற்றுவாயையும் நிப்பிளையும் அடைக்கும். அதன் மேல் மருந்தைக் கொட்டினால் அடி மருந்து ஊறிவிடும்.

மருந்திடுமுன் ஆல்கஹால் நனைத்த துணி ஒன்று, பின் உலர்ந்த துணி ஒன்றிரண்டு விட்டு எடுங்கள். பிறகு காலித் துப்பாக்கியில் ஒரு கேப்பை மட்டும் வெடியுங்கள், வாயைத் தரையில் கிடக்கும் ஒரு சருகுக்குப் பக்கத்தில் வைத்து. சருகு ஆடினால் வழி திறந்திருக்கிறது.

இன்னொரு எண்ணெய் குண்டைச் சுற்றும் துணியில் இருப்பது. மருந்திட்டபடியே நெடுநேரம் வைத்தால் அந்தக் கொழுப்பு கீழே இறங்கும். நடுவில் ஒரு கம்பளி அட்டையை வைத்தால் தடுக்கலாம். அமெரிக்கக் கிராமத்தார் இதற்கு உலர்ந்த குளவிக் கூட்டைப் பிய்த்து வைப்பார்கள். காகிதம்போல இருக்கும், எளிதில் கனன்று எரியாது. குளவி போன பிறகு எடுப்பது நலம்.

கருமருந்துக்குப் பதிலாகப் போடும் மாற்று மருந்துகள் ஈரத்தை அதிகம் இழுக்குமா, குறைவாகவா?

மாற்று மருந்து என்று மொத்தமாகச் சொன்னால் பதிலே கிடையாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாதி.

1970-களில் டான் பாலக் உருவாக்கிய பைரோடெக்ஸ் கருமருந்துக்கு நெருங்கிய உறவு. வெடியுப்பு, கரி, கந்தகம் எல்லாம் அதிலும் உண்டு. கூடவே பொட்டாசியம் பெர்குளோரேட், சோடியம் பென்சோயேட் போன்றவை. கருமருந்தைவிட அதிக வெப்பத்தில்தான் பற்றும். அதனால்தான் கடையில் வைப்பதும் அனுப்புவதும் எளிதாயின. ஆனால் அதே குணம் ஈரத்தில் எதிராகத் திரும்புகிறது: கொஞ்சம் நமுத்த கருமருந்து தடுமாறியாவது பற்றும், கொஞ்சம் நமுத்த பைரோடெக்ஸ் சும்மா இருந்துவிடும். சக்கிமுக்கித் தட்டில் அதைப் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டிரிபிள் செவன் கந்தகம் இல்லாத மருந்து. நாற்றம் குறைவு, தண்ணீரிலேயே கழுவிவிடலாம், அதே கொள்ளளவில் கருமருந்தைவிடச் சுமார் 15 சதவீதம் வலு அதிகம். திறந்த டப்பாவை மூட மறந்தால் முகம் மாறிவிடும் ரகம். வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலத்தை எரிபொருளாக வைத்துச் செய்தவை எல்லாவற்றிலும் மோசம். நீரில் எளிதாகக் கரையும் பொருளை எரிபொருளாக வைத்தால் காற்றின் ஈரத்தோடும் அது ஒட்டத்தானே செய்யும்? டப்பா திறந்து ஒரு பருவம் கழித்துப் பார்த்தால் கட்டி கட்டியாக இருக்கும். அப்படிக் கட்டிப் பிடித்ததை உடைத்துப் பயன்படுத்தாதீர்கள். வலு எந்த அளவில் இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது.

பிளாக்ஹார்ன் 209 நனையாது என்கிறார்களே?

மேற்சொன்னவற்றோடு ஒப்பிட்டால் சரிதான். இதுவும் ஒரு மாற்று மருந்து, 2008-இல் மொன்டானாவில் இருந்த வெஸ்டர்ன் பவுடர்ஸ் கொண்டுவந்தது. அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சொல்லும்படியாகக் காற்றின் ஈரத்தை இழுக்காது, கசடும் குறைவு, அந்தக் கசடும் நீருக்கு ஏங்குவதில்லை. ஈரமான ஊரில் வேட்டைக்குப் போகிறவர்கள் விலையைப் பார்க்காமல் இதை வாங்குவதன் காரணம் இதுதான்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, இது பற்றுவதற்கு வலுவான தீ வேண்டும். 209 பிரைமர் போடும் மூடிய அமைப்புத் துப்பாக்கிக்கு மட்டுமே. பழைய பாணிக் கேப்பும் சக்கிமுக்கியும் இதற்கு ஆகாது. இரண்டு, தண்ணீர் கலந்த கழுவுநீர் வேண்டாம், கரைப்பான்தான்.

இதைப் பார்த்துவிட்டுச் இன்றைய தோட்டாக்களில் இருக்கும் சாதாரணப் புகையற்ற மருந்தை மசில்லோடரில் போடலாம் என்று யாராவது சொன்னால் அவர் பக்கத்தில் நிற்காதீர்கள். குழல் வெடித்துக் கை போகும்.

பொடி நல்லதா, வில்லை நல்லதா?

ஈரத்தைப் பொறுத்தவரை வில்லை உறையிலிருந்து எடுக்கும்வரை நல்லது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க நடந்தால் விளிம்பு நொறுங்கும், ஈரமும் ஏறும். பைரோடெக்ஸ் வில்லையின் ஒரு முனையில் எளிதில் பற்றுவதற்காகக் கருமருந்துப் பூச்சு இருக்கும். கறுத்த முனை பிரைமர் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு ஈரத்தைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நனைந்த கருமருந்தைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா? தீபாவளிப் பட்டாசை மாடியில் காயவைப்போமே?

காற்றின் ஈரம் மட்டும் லேசாக ஏறியிருந்தால் அது தானாக இறங்கியும் விடும். தண்ணீரே பட்டு நனைந்தது வேறு. 20 டிகிரித் தண்ணீர் 100 மில்லியில் 30 கிராமுக்கும் மேல் வெடியுப்பு கரையும். ஆலையில் பல மணி நேரம் அரைத்து, அழுத்தி, கரியின் துளைக்குள்ளேயே வெடியுப்பை இறக்கியிருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அது கரைந்து வெளியே வருகிறது; காயும்போது மணியின் மேல் வெள்ளைப் பூப்போலப் படிகமாக நிற்கிறது. பார்க்கக் காய்ந்த மருந்து. ஆனால் எரியும் உப்பு ஓரிடம், கரி ஓரிடம். மெதுவாகவும் சீரில்லாமலும் எரியும். குண்டு பாதிக் குழலில் நின்றுவிட்டால் அடுத்த சூடு குழலையே கிழிக்கக்கூடும்.

பட்டாசில் பெரும்பாலும் நமுப்பது தாளும் திரியும். வெயில் அதைச் சரிசெய்துவிடுகிறது. மருந்தே நனைந்த பட்டாசை எத்தனை வெயிலில் வைத்தாலும் புஸ்ஸென்றுதான் போகும். துப்பாக்கி மருந்தை அடுப்படியில், ஓவனில், ஹேர் டிரையரில் காயவைப்பது பற்றிக் கேள்வியே வேண்டாம். கூடாது.

நூறு வருடமாகத் துருப்பிடித்த துப்பாக்கிக்குள் இருக்கும் மருந்து செத்திருக்கும்தானே?

இல்லை. 2013-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 18-ஆம் நூற்றாண்டுப் பீரங்கி ஒன்றின் துருவை அகற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அடைப்பும் குண்டும், அதன் பின்னால் சுமார் 800 கிராம் மருந்தும் இருந்தன. நெடுங்காலம் மக்கள் வந்து போகும் இடத்தில் மருந்திட்டபடியே இருந்திருக்கிறது. அதற்கு முன் 2008-இல் வர்ஜீனியாவில் உள்நாட்டுப் போர்க்காலக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்தபோது அது வெடித்துச் சேகரிப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். நனைந்து பலவீனமான மருந்து வேறு, செத்த மருந்து வேறு. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைத்தால் முதலில் கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று வெளியே வைத்து ஒப்பிடுங்கள். குறைவாகப் போனால் உள்ளே ஏதோ இருக்கிறது. விவரம் தெரிந்தவரிடம் போங்கள்.

விசை இழுத்தேன், வெடிக்கவில்லை. இப்போது?

அசையாதீர்கள். வாய் குறிப்பக்கமே இருக்கட்டும். நமுத்த மருந்தின் கெட்ட குணம் வெடிக்காமல் இருப்பது மட்டுமல்ல, தாமதமாக வெடிப்பதும்தான். குறைந்தது ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள், இரண்டானாலும் நல்லதே. ஒருபோதும் வாய்க்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

அப்புறம் பற்றுவாயை ஊசிக் கம்பியால் குத்தித் திறந்து, தட்டு மருந்தோ கேப்போ புதிதாக வைத்துச் சுட்டுப் பாருங்கள். மறுபடியும் இல்லையென்றால் பற்றுவாய் வழியாகவோ நிப்பிளைக் கழற்றியோ சிறிதளவு மருந்தை உள்ளே தள்ளி முயலலாம். அதுவும் இல்லையென்றால் கரியமில வாயுக் குப்பியால் குண்டைத் தள்ளும் கருவி கடையில் கிடைக்கும். அது கையில் இல்லாவிட்டால் கருமருந்துத் துப்பாக்கிக்கு எளிய வழி: அடிவரை தண்ணீர் விட்டு ஊறவைத்து, மருந்தைக் கொன்ற பிறகு திருகுக் கம்பியால் குண்டை இழுப்பது. இந்த ஒரு இடத்தில் ஈரம் நம் கட்சி.

காய்ந்த வெயில் நாளில் குண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. அதுவும் ஈரத்தாலா?

ஈரம் இல்லாததால். வறண்ட காற்றில் கசடு ஓடுபோலக் காய்ந்து குழலைச் சிறிதாக்கிவிடும். ஈரமான காற்றில் அதே கசடு மெத்தென்று இருக்கும், குண்டு வழுக்கி இறங்கும். நெடுந்தூரக் குறிசுடுவோர் சிலர், பின்பக்கம் திறக்கும் கருமருந்துத் துப்பாக்கிகளில், சூடுகளுக்கு நடுவே ஒரு குழாய் வைத்துக் குழலுக்குள் வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரம் கசடை இளக்கும்.

மசில்லோடரில் எச்சில் தொட்ட துணியே பழைய முறை. குறிப்பயிற்சிக்கு அதற்கு இணை இல்லை, உடனே சுட்டுவிடுவோம் என்பதால். வேட்டைக்கு எச்சில் வேண்டாம். மணிக்கணக்கில் குழலுக்குள் இருந்தால் மருந்தும் நனையும், அந்த இடத்தில் வளையமாகத் துருவும் பிடிக்கும்.

சுட்டுவிட்டு மறுநாள் கழுவினால் போதாதா?

போதாது. 43 சதவீதக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பெர்குளோரேட் உள்ள மாற்று மருந்தானால் கசடில் குளோரைடு உப்பும் சேரும். கடலோர ஊரில் இரும்புக் கதவு என்ன ஆகும் என்று தெரியுமல்லவா. அன்று சாயங்காலமே சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், உலர்ந்த துணி, மெல்லிய எண்ணெய். இரண்டு நாள் கழித்து இன்னொரு துணி விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மறுபடி செய்யுங்கள். கருமருந்துக் கசடுக்கு விலை உயர்ந்த கரைப்பான் எதுவும் தண்ணீரைவிட நன்றாக வேலை செய்வதில்லை.

டப்பாவை எங்கே வைப்பது?

வாங்கிய அதே டப்பாவில், மூடியை இறுக்கி, வெப்பம் ஏறி இறங்காத வறண்ட இடத்தில், பூட்டி. கண்ணாடிப் புட்டி வேண்டாம். அடித்தளத்து ஈரச் சுவரோரமும் வேண்டாம். காலையில் குப்பியில் எடுத்துப்போன மருந்து மிஞ்சினால் டப்பாவில் திரும்பக் கொட்டாமல் தனியாக வைத்து முதலில் செலவழியுங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: மசில்லோடரானாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம், மேலே சொன்னது எல்லாம் அமெரிக்கப் பழக்கம்.

கெட்டுப்போன மருந்தை என்ன செய்வது?

கருமருந்து சிறிதளவு என்றால் வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். வெடியுப்பு கரைந்துவிடும், அது உரமும்கூட, நிறையத் தண்ணீரோடு புல்தரையில் ஊற்றிவிடலாம். எரித்துத் தீர்க்க நினைக்காதீர்கள். மாற்று மருந்துகளுக்கு இந்த வழி ஆகாது. பெர்குளோரேட் நிலத்தடி நீரில் இறங்கினால் குடிநீருக்குக் கேடு. டப்பாவில் உள்ள தயாரிப்பாளரின் எண்ணையோ ஊர்த் தீயணைப்பு நிலையத்தையோ கேளுங்கள். எடுத்துக்கொள்ளும் இடத்தை அவர்கள் சொல்வார்கள்.